ஓர் ஆயில் சீலுக்காக

இந்த வாரம் அட்டார் வண்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். 2025 ஆகஸ்ட் கடைசியில் ராவி கரையுடைத்து அமிர்தசரஸ் மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்தபோது ராணுவம் இறக்கிய வண்டி அது. படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான்கே சக்கரம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆள் உயரம். சாலையில் வருகிறது, சாலை முழுகிய இடத்தில் தயங்காமல் இறங்குகிறது, ஆழம் வந்ததும் மிதக்கிறது, எதிர்க்கரையில் சேறு மேடு பார்க்காமல் ஏறிப் போகிறது. வயதான பெண்களும் கைக்குழந்தைக்காரிகளும் அதிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல இயந்திரம் நல்ல வேலை செய்வதைப் பார்ப்பதில் எனக்குள்ள சந்தோஷம், இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

என்1200 என்ற அதன் மாடல் பெயரில் இருப்பது அது சுமக்கும் எடை, 1,200 கிலோ. எஞ்சின் பெரியதொன்றும் இல்லை, 1.5 லிட்டர் டீசல். தண்ணீரில் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் போகும். படகுக்கு இருப்பதுபோல் பின்னால் விசிறி கிடையாது. டயரின் கனத்த வரிகளே துடுப்பு. ஸ்டீயரிங் வீலும் கிடையாது, இரண்டு லிவர்தான். இடது லிவரை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும், வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பிவிடும். ரஷ்யாவில் பிறந்த ஷெர்ப் வண்டியின் நுட்பத்தைக் கொண்டு ஜே.எஸ்.டபிள்யூ. கெக்கோ மோட்டார்ஸ் இதை இந்தியாவில் தருகிறது. ராணுவம் 96 வண்டி வாங்கியிருக்கிறது.

இப்படி ஒன்று நாகர்கோவிலில் நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். 2021 நவம்பரில் பழையாறு கரைமீறி வயலும் ஊரும் ஒன்றாய்க் கிடந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், உள்ளிருந்தவர்களுக்கு ஹெலிகாப்டரில் சோறு போட வேண்டி வந்தது. சாலையும் இல்லை, படகு விடும் அளவுக்குச் சீரான தண்ணீரும் இல்லை என்ற அந்த நிலைமைக்கென்றே செய்த வண்டி இது.

எழுதிக்கொண்டே வரும்போது ஒரு கேள்வி வந்து மறித்தது. வண்டி வரும், சரி. பத்தாவது வருஷம் அதன் அடிவயிற்றைத் திறக்கப்போவது யார்?

இந்த வகை வண்டிகளுக்கு அறுபது வருஷக் கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் கனடாவில் ஜைகர் என்ற ஆறு சக்கர வண்டி வந்தது. 1967இல் ஒண்டாரியோவில் பற்சக்கரம் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி ஆர்கோவைக் கொண்டுவந்தது, இன்றும் செய்கிறது. அமெரிக்காவின் அட்டெக்ஸ், மேக்ஸ் போன்ற சின்ன வண்டிகளுக்குள் போர்க்-வார்னர் கம்பெனியின் டி-20 என்ற கியர் பாக்ஸ் இருந்தது. பக்கத்துக்கு ஒரு லிவர், தள்ளினால் அந்தப் பக்கம் ஓடும், இழுத்தால் நிற்கும். எஞ்சினிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து இரண்டு பக்கமும் செயின், செயின் வழியாக ஒவ்வொரு அச்சும். அவ்வளவுதான் உள்ளே. ஆனால் வண்டியின் உடம்பு ஒரு தொட்டி. அச்சு வெளியே வரும் ஒவ்வொரு துளையிலும் தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரு ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல். அதன் உதடு தேய்ந்தால் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும், செயின் துருப்பிடிக்கும், பேரிங் இறுகும், கடைசியில் அச்சே அறுபடும். பழைய ஆர்கோவை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினைத் தொடுமுன் அடித்தட்டைக் கழற்றிச் செயினையும் பேரிங்கையும்தான் பார்ப்பார்கள். எஞ்சின் கெட்டால் இன்னொன்றை ஏற்றிக்கொள்ளலாம். அச்சுப் பாதையில் கோளாறு என்றால் ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவி, அளந்து, மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கன்னிப்பூப் போகம் அறுத்தாயிற்று, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு வயலில் தொளி கலக்க வேண்டும். அவருடைய டில்லர் திட்டுவிளை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது.

"சீல் ஒண்ணு கெடைக்கல்ல அண்ணாச்சி. கடையில போனா, அந்த மாடல் நின்னு போச்சுங்கான். புது வண்டி எடும்வேய், மானியம் உண்டுல்லாங்கான்."

அட்டாரை அப்படியே வைத்துவிட்டு நான் திட்டுவிளைக்குப் போனேன். இனி இந்த வாரப் பத்தி டில்லரைப் பற்றியதுதான்.

நம் ஏலாக்களில் சேற்றிலும் ரோட்டிலும் ஒருபோல ஓடுவது பவர் டில்லர். 1967இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து செய்தது. 1973இல் கேரளத்து அத்தாணியில் தொடங்கிய அரசு நிறுவனமான காம்கோ, குபோட்டாவோடு சேர்ந்து செய்தது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், 12 அல்லது 13 குதிரைத்திறன். எஞ்சினிலிருந்து வி-பெல்ட் வழியாக மெயின் கிளட்ச், பிறகு கியர் பாக்ஸ், பிறகு இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்டீயரிங் கிளட்ச். கைப்பிடியின் கீழுள்ள இடது லிவரை அமுக்கினால் இடது சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் விட்டுப்போகும். வலது சக்கரம் வண்டியைத் திருப்பிவிடும். ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சரிவில் இறங்கும்போது இது தலைகீழாக வேலை செய்யும். ஓட்டம் விட்டுப்போன சக்கரம் தன்போக்கில் உருண்டு முந்திக்கொள்ள, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். தடிக்காரன்கோணம் பாதையில் டிரெய்லரோடு இறங்குகிறவர்கள் இதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், யோசிக்க நேரம் இராது.

அமிர்தசரஸில் மிதந்த வண்டியும் இதுவும் ஒரே குடும்பம் என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டத்தை அறுத்துத் திருப்புவது, சேற்றுக்குள் முங்கியே வேலை செய்வது, ஒரு ரப்பர் உதட்டை நம்பி உயிர் வாழ்வது, மூன்றும் இரண்டுக்கும் பொது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் டில்லரின் கியர் பாக்ஸ் பெஞ்சின்மேல் திறந்து கிடந்தது. கீழே இறக்கிய ஆயில் கறுப்பாக இல்லை; தண்ணீர் கலந்து வெளுத்துப்போயிருந்தது. வயலில் கிடந்த வைக்கோல் துரும்பும் உரச்சாக்கின் பிளாஸ்டிக் இழையும் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகி, சீலின் உதட்டை அறுத்திருக்கின்றன. அந்த வழியாகச் சேற்றுத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் டீசலில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்ததைத் தனியாக வைத்தார். புல்லர் போட்டு பேரிங்கை இழுத்தெடுத்து, விளிம்பைத் துடைத்து எண்ணைக் காட்டினார். 6205.

அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு உள்ளம் குளிரும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. ஜப்பானில் செய்தாலும் ஜெர்மனியில் செய்தாலும் நம் நாட்டில் செய்தாலும் இந்த அளவு மாறாது. உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு கடைக்காரரிடம் நான்கு இலக்கத்தைச் சொன்னால் போதும், சாமானை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். கம்பெனிகள் தங்களுக்குள் எத்தனையோ போட்டி போட்டும், பேரிங் விஷயத்தில் ஒரு பொது அளவுக்கு உடன்பட்டதால் கோடிக்கணக்கான இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன.

சீல் அப்படி வாய்க்கவில்லை. சாதாரண ஆயில் சீலுக்கும் இதுபோல் மூன்று அளவு உண்டு, கடையில் கிடைக்கும். இந்த அச்சில் இருந்தது சேற்றுக்கென்றே செய்த சீல். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று உதடு. அதே அளவில் ஒற்றை உதட்டுச் சீலைத் திணித்தால் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒரு பூ தாங்காது. கடையில் சொன்ன பதில் இதுதான்: தனிச் சீல் வராது, அச்சும் கூடும் சேர்ந்த முழு அசெம்பிளியாகத்தான் வரும், அந்த மாடலுக்கு அதுவும் நின்றுவிட்டது. எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. இந்தப் பதிலைச் சொல்லும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இங்கே என் பிரியமான புத்தகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்வேன். பழைய இயந்திரத்தோடு பார்ட்ஸ் புக் என்று ஒன்று வரும். வண்டியை ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வரிசையில் எதற்குள் போகும் என்பதை ஒரே கோட்டில் விரித்து வரைந்த படங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், எத்தனை வேண்டும் என்று ஒரு பத்தி. சர்க்ளிப், வாஷர், ஷிம், பேக்கிங் எதுவும் விடுபடாது. அதை வரைந்தவனின் பெயர் எங்கும் இருக்காது. பக்கங்களைப் புரட்டும்போது அவன் எனக்கு உறவுக்காரனாகத் தெரிவான். என்றோ ஒருநாள் எங்கோ ஓர் ஊரில் ஒருவன் இதைத் திறப்பான், அவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று நினைத்து வரைந்தவன் அவன். திட்டுவிளை ஒர்க்‌ஷாப்பிலும் அப்படி ஒன்று இருந்தது, கிரீஸ் ஊறி, அட்டை போய், பாதிப் பக்கம் செல்லோடேப்பில். ஜப்பானிய எழுத்தும் ஆங்கிலமும் கலந்த புத்தகம். மெக்கானிக் தம்பிக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். படம் மட்டும் தெளிவாகப் புரியும்.

"அண்ணாச்சி, இந்தப் புக்கு இல்லாட்டி இந்த ஷிம்மு ரெண்டா மூணாண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒண்ணு கொறைஞ்சா சக்கரம் ஆடும், கூடினா பேரிங் சூடாயிரும்."

இப்போது வரும் வண்டிகளுக்கு இந்தப் புத்தகம் தருவதில்லை என்றார் அவர். கேட்டால், அது டீலருக்கு மட்டும் என்கிறார்களாம். வண்டிக்குக் காசு கொடுத்தவன் விவசாயி. அதைத் திறக்கத் தெரிந்தவன் திட்டுவிளைக்காரன். புத்தகம் மட்டும் இந்த இருவர் கையிலும் சேரக்கூடாதா? இந்த வாரம் எனக்கு வந்த கோபமெல்லாம் இதன்மேல்தான், இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்காவில் விவசாயிகள் இதற்காகவே வருஷக்கணக்கில் போராடினார்கள். கொலராடோ மாகாணம் 2023இல் சட்டம் போட்டது: விவசாய இயந்திரம் செய்யும் கம்பெனி உதிரிபாகத்தையும் கையேட்டையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அதற்கென இணையதளமும் திறந்தார்கள். கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் மட்டும் வந்து சேரவில்லை. புது வண்டி வாங்க மானியம் இருப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சீல் கிடைக்காததால் நல்ல எஞ்சினும் நல்ல கியர் பாக்ஸும் பழைய இரும்பாக ஆக்கர்க் கடைக்குப் போகின்றன என்றால், அரசு கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றுதான் அர்த்தம்.

திட்டுவிளையில் கடைசியில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சீல் உதடு உரசி உரசி அச்சில் பள்ளம் விழுந்திருந்தது. புதுச் சீல் கிடைத்தாலும் அதே இடத்தில் உட்கார்ந்தால் ஒழுகும். அச்சை நாகர்கோவிலுக்கு அனுப்பி, பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்பி, லேத்தில் பழைய அளவுக்குக் கடைந்து, தேய்த்து மெருகேற்றி வாங்கினார்கள். சீல் உட்காரும் கூட்டைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, கடையில் கிடைக்கும் இரண்டு சாதாரணச் சீலை அடுத்தடுத்து வைத்து, நடுவில் கிரீஸ் நிரப்பினார் தம்பி. குழி விழுந்த பல்சக்கரத்துக்கு, ஆக்கர்க் கடையில் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து ஒன்று கிடைத்தது. கத்தி ஓடும் பக்கத்துச் செயின் நீண்டு தொங்கியது. செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் கெடுத்துவிடும் என்று இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டார். பேரிங்குகள் வடசேரியில் ஒரே கடையில் கிடைத்தன. வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. செலவு புது வண்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த வேலைக்குப் பட்டமும் இல்லை, விருதும் இல்லை. கும்பப்பூ நாற்று நட்டாயிற்று.

அரசுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளத்துக்கென்று எந்த வண்டியை இந்த மாவட்டத்துக்கு வாங்கினாலும், அதன் பார்ட்ஸ் புத்தகத்தைத் தமிழில் வாங்குங்கள். கோணம் ஐ.டி.ஐ. பிள்ளைகள் வருஷம் ஒருமுறை அதன் அடித்தட்டைக் கழற்றி மாட்டட்டும். சீலும் செயினும் பேரிங்கும் ஒரு செட் முதல்நாளிலேயே அலமாரியில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டு மச்சிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய டில்லர், டிராக்டர், பம்புசெட் பார்ட்ஸ் புத்தகம் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்தாவது அனுப்புங்கள். இன்னும் தொளி கலக்காதவர்கள் வண்டியை வயலில் இறக்குமுன் கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு கரண்டி இறக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கு உழவு வேண்டாம். முதலில் சீலை மாற்றுங்கள்.