ராக்கி வேடத்துக்கு அடுத்த ஆள்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காக அந்த மாநகருக்குத் தினந்தோறும் போய்வரும் ஜனங்களுக்கிடையே நின்றுகொண்டு பயணம் செய்கிறவர், இளைஞர்களின் சம்பாஷணையில் சம்பளம், ஷிப்ட், கடன் தவணை ஆகிய நித்திய விஷயங்களுக்கு அடுத்தபடியாக ஒரு விவாதம் அடிக்கடி தலைதூக்குவதைக் கேட்கலாம். தங்கள் ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு தேசமெங்கும் ஓடிய திரைப்படத் தொடரில், ராக்கி பாய் என்னும் கதாநாயகனாக இனிமேல் யார் வருவார் என்பதே அது.

இந்த விவாதத்தை மூட்டிவிட்டவர்கள் ரசிகர்கள் அல்லர். படத்தைத் தயாரித்த ஹொம்பாளே நிறுவனத்தின் விஜய் கிரகந்தூர், 2023 ஜனவரியில் அளித்த ஒரு பேட்டியில், ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு ராக்கியாக வேறொரு நடிகர் வரக்கூடும் என்றும், ஜேம்ஸ் பாண்ட் படங்களில் நாயகர்கள் மாறிமாறி வருவதுபோல இதுவும் அமையலாம் என்றும் சொல்லிவைத்தார். முதல் பாகம் 2018 டிசம்பரிலும் இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலிலும் வெளிவந்தன. மூன்றாம் பாகமே இன்னும் கண்ணில் படாதபோது ஐந்துக்கு அப்பால் நடக்கப்போவதைப் பற்றி மனிதர்கள் முகம் சிவக்க வாதாடுவது, பிறக்காத பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். அதிலும் இரண்டாம் பாகத்தின் இறுதியில் ராக்கி தன் தங்கத்தோடு கடலில் மூழ்கிவிட்டான். படத்தைப் பாராதவர்களுக்கும் தெரிந்த சேதி இது என்பதால் இதைச் சொல்வதில் ரகசிய பங்கம் ஒன்றும் இல்லை.

ராக்கியாக நடித்த யஷ் இல்லையேல் ராக்கி இல்லை என்று சாதிக்கிறவர்கள் ஒரு கட்சி. அந்தத் தாடியும் நடையும் யாருக்கு வாய்க்கும் என்று தெலுங்கு, தமிழ், இந்தி நடிகர்களின் ஜாதகங்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவர்கள் மற்றொரு கட்சி. முதல் கட்சியாரிடம் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் சம்மதம் இல்லை. இரண்டாம் கட்சியாரோ கேள்வியையே தவறான முனையில் பிடித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே வேடத்தைப் பலர் தாங்குவது நமக்குப் புதிய விஷயமா? தங்கவயலின் முதல் தலைமுறைத் தொழிலாளர்களில் அநேகர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த கிராமங்கள் தெருக்கூத்தின் தாய்வீடு. இரண்டு பேர் ஒரு திரைச்சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னாலிருந்து தான் இன்னான் என்று பாட்டிலே பிரகடனம் செய்துகொண்டு, கிரீடமும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்னத் திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் சபைக்குள் பிரவேசித்த க்ஷணத்தில் அவர் அர்ச்சுனன். சென்ற வருஷம் அந்தக் கிரீடத்தை வைத்திருந்தவர் வேறொருவர் என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போன வருஷத்து அர்ச்சுனனுக்குக் குரல் இதைவிடக் கம்பீரம் என்று கிழவர்கள் முணுமுணுப்பார்களே தவிர, இவன் அர்ச்சுனனே அல்லன் என்று எவரும் எழுந்து போனதில்லை. வேடத்தின் உயிர் கிரீடத்தில் இருந்தது. அதைத் தாங்கும் தலை ஒரு வாகனம் மாத்திரமே.

அந்தச் சௌகரியத்தைச் சினிமா பறித்துவிட்டது. முகத்தை முப்பது அடி அகலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டும் குளோஸ்-அப் என்ற சாதனம் வந்தபின், பாத்திரம் முகத்தோடு ஆணியடித்தாற்போல் ஒட்டிக்கொண்டது. அந்த முகத்தின் மகிமை எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தங்கவயல்காரர்களுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஒரு திரை நட்சத்திரம் தொடங்கிய கட்சியான அ.தி.மு.க.வின் வேட்பாளரைக் கர்நாடகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி அவர்களுடையது. ஆகவே முகத்தை மாற்றாதே என்று அவர்கள் கூச்சலிட்டால் அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆனாலும் அவர்களுடைய வீட்டுக் கூடத்திலேயே, மாலை நேரத்துச் சின்னத்திரைத் தொடரின் தொடக்கத்தில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஓர் அட்டை காட்டப்படுகிறது. முதல் நாள் முகம் சுளிக்கிற குடும்பத்தார் வாரக் கடைசிக்குள் புதிய மருமகளுக்காகக் கண்ணீர் வடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ரஜினிகாந்தின் 1980-ஆம் வருஷத்துப் ‘பில்லா’வை 2007-இல் அஜித் எடுத்து அணிந்துகொண்டபோதும் தமிழ்நாடு பொறுத்துக்கொண்டது, பிற்பாடு கொண்டாடவும் செய்தது. இந்தியில் ‘டான்’ வேடம் ஷாருக் கானிடமிருந்து ரன்வீர் சிங்குக்குப் போகிறது என்று 2023 ஆகஸ்டில் அறிவித்தபோது மாத்திரம் பெரும் ரகளை எழுந்தது.

இந்த விவகாரத்தில் உலகத்துக்கே ஆசான் என்று சொல்லத்தக்கது, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23-ஆம் தேதி ஆரம்பமான ‘டாக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானப் புனைவுத் தொடர். காலத்தையும் ஆகாயத்தையும் கடந்து சஞ்சரிக்கும் ஒரு வேற்றுலகவாசியாக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு ஒத்துழைக்க மறுத்தபோது, தயாரிப்பாளர்கள் தொடரை மூடிவிடவும் இல்லை, அவரைப் போன்ற சாயலுள்ள ஒருவரைத் தேடி அலையவும் இல்லை. அந்த வேற்றுலகவாசியின் தேகம் நலிந்தால் அது புதுப்பிறவி எடுக்கும், ஆள் அவனே, உருவமும் சுபாவமும் வேறு என்று கதைக்குள்ளேயே ஒரு விதியைச் சிருஷ்டித்து, 1966 அக்டோபரில் பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிர்ப்பந்தத்தில் பிறந்த அந்த உபாயம் அறுபது வருஷங்களாகத் தொடரை ஜீவித்திருக்கச் செய்துவருகிறது. அடுத்தவர் யார் என்று ஊகிப்பது அங்கே ஒரு தேசிய விளையாட்டு. பந்தயக் கடைகளில் அதற்குப் பணமே கட்டுகிறார்கள். 2017-இல் ஜோடி விட்டேக்கர் என்ற பெண்மணி அறிவிக்கப்பட்டபோது சண்டை. 2025 மே மாதக் கடைசியில் ந்சூட்டி கட்வா விடைபெற்று, அவருடைய இடத்தில் அதே தொடரின் பழைய நடிகை பில்லி பைப்பரின் முகம் தோன்றியபோது மீண்டும் ஊகங்களின் வெள்ளம். இவ்வளவு சண்டையிலும் ஆளை மாற்றுவதே அநியாயம் என்று அங்கே வாதிடுகிறவர்கள் அபூர்வம். ஏனென்றால் மாற்றத்துக்கு உரிய சாஸ்திரத்தைக் கதையே முன்கூட்டி எழுதிவைத்துவிட்டது.

நம்முடைய படத்திலும் இந்த வித்தை நடந்திருக்கிறது. நடந்ததைத்தான் பலர் கவனிக்கவில்லை. முதல் பாகத்தில் ராக்கியின் சரித்திரத்தை நமக்குச் சொல்லுகிற ஆனந்த் இங்களகி என்ற எழுத்தாளராக அனந்த் நாக் அமர்ந்திருந்தார். இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. அந்த நாற்காலியில் வேறொரு முகத்தை உட்காரவைத்து இவர்தான் ஆனந்த் இங்களகி என்று சாதிக்காமல், பெரியவர் நோய்வாய்ப்பட்டுவிட்டார், மிச்சக் கதையை அவருடைய மகன் சொல்வான் என்று பிரகாஷ் ராஜைக் கொண்டுவந்தார் இயக்குநர் பிரசாந்த் நீல். யாருக்கும் தொண்டையில் முள் சிக்கவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பிரதியில் கொட்டகை அதிரப் பேசுகிற ராக்கியின் குரல் யஷ்ஷினுடையது அன்று. ஒரு டப்பிங் கலைஞருடையது. ஆகத் தமிழ் ரசிகனைப் பொறுத்தமட்டில் ராக்கி என்பவன் ஆரம்பம் முதலே ஒருவரின் முகமும் வேறொருவரின் குரலுமாகச் சேர்ந்த இரட்டைப் பிறவி. பாதி வேடத்தை ஏற்கெனவே அந்நியர் ஒருவருக்குத் தாரைவார்த்துவிட்டு, மீதியைக் கொடுக்கமாட்டேன் என்று அந்த ரசிகன் பிடிவாதம் பிடிப்பது வேடிக்கைதான்.

ஆகையால் ஆளை மாற்றலாமா என்பது என் கேள்வி அன்று. எதைக் கைமாற்றப் போகிறார்கள் என்பதே என் கேள்வி. கூத்தில் கிரீடம் இருந்தது. பிரிட்டிஷ் தொடரில் விதி இருந்தது. பாண்டுக்கு ஓர் எண்ணும் ஓர் உத்தியோகமும் இருந்தன. ராக்கியிடம் என்ன இருக்கிறது? தாயிடம் கொடுத்த வாக்கு, தாடி, நிதானமான நடை, பெரிய துப்பாக்கி. இவற்றில் வாக்கு நிறைவேறிவிட்டது. மற்றவை யஷ் என்ற நடிகரின் உடைமைகள், அவரோடேயே போய்விடும். அடுத்தவருக்குக் கைமாற்றத்தக்க பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தச் சுரங்கம். அதையோ படம் நாராச்சி என்ற கற்பனைப் பெயரில், தலைகுனிந்து நிற்கும் அடிமைக் கூட்டத்தையும் அவர்களை ரட்சிக்க வந்த ஒற்றை அவதார புருஷனையும் நிறுத்துவதற்கான கரிய பின்திரையாக மாத்திரம் உபயோகித்துக்கொண்டது.

நிஜமான தங்கவயல் எந்த அவதாரத்துக்காகவும் காத்திருந்த ஊர் அன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியது முதல், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கிச் சுமார் 800 டன் தங்கத்தை மேலே அனுப்பியவர்கள், பாறை வெடித்துச் சரிந்தபோது புதைந்தவர்கள், தூசியைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் நோயில் இருமிச் செத்தவர்கள், கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஆகியோரின் ஊர் அது. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியிருந்தது; அவர் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையை 1926 முதல் மறுபடியும் நடத்தியவர் தங்கவயலின் கோ. அப்பாதுரையார். அங்கே சங்கு ஊதியதும் ஒரு ஷிப்ட் மேலேறி வரும், அடுத்த ஷிப்ட் கூண்டில் ஏறிக் கீழே போகும். துளைக் கருவியைப் பிடித்திருக்கும் கைகள் மாறுமே ஒழியப் பாறையில் துளை விழுவது நிற்காது. ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதென்பது அந்த ஊர் ஜனங்களுக்கு ஜீவனோபாயமாகவே இருந்தது.

விஞ்ஞானப் புனைவு என்றேன். தங்கவயலுக்கு அந்த ருசியும் அந்நியமானதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து கருவிகளை வைத்துக் காத்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து ஓயாது பொழிகின்ற காஸ்மிக் கதிர்களின் துகள்களை அவ்வளவு கனமான பாறை தடுத்துவிடும்; ஏறக்குறைய எதனாலும் தடுக்கப்படாத நியூட்ரினோ ஒன்றே அங்கே எட்டிப்பார்க்கும். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் சுவடு 1965-இல் அங்கே அகப்பட்டது; உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இடங்களில் தங்கவயலும் ஒன்று. பிற்பாடு, அணுவின் கருவிலுள்ள புரோட்டான் என்றாவது அழியுமா என்று பரிசோதிக்கவும் அதே சுரங்கத்தைத்தான் நாடினார்கள். சொட்டுகிற வெந்நீரிலும் மூச்சை அடைக்கும் புழுக்கத்திலும், ஒருபுறம் தங்கத்துக்காகத் துளையிடுகிறவர்களும் மறுபுறம் பிரபஞ்சத்தின் ரகசியத்துக்காக விழித்திருக்கிறவர்களும் இருந்த அந்த உலகத்தைவிட விசேஷமான கதைக்களம் எந்தத் தயாரிப்பாளருக்குக் கிடைக்கும்? கிடைத்தும், சயனைடு மேட்டின் மீது செட் போட்டுப் புழுதியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எனவே ரசிகர்களுக்கு என் யோசனை இது. அடுத்த ராக்கி யார் என்று கேட்பதைச் சற்றே ஒத்திவைத்து, அடுத்த ராக்கிக்கு என்ன வேலை என்று கேளுங்கள். கடலில் மூழ்கியவனை ஏதோ ஒரு சாமர்த்தியத்தால் உயிர்ப்பித்து, அதே தாடியை வேறொரு நட்சத்திரத்தின் முகவாயில் ஒட்டிக்கொண்டுவந்தால், அதேபோல நடித்தாலும் நகல் என்பீர்கள், மாற்றி நடித்தாலும் துரோகம் என்பீர்கள். அந்த அப்பாவி நடிகர் எதைச் செய்தும் ஜெயிக்க முடியாது. அதைவிட, ராக்கி என்பதை ஒரு மனிதனின் பெயராக அல்லாமல், அந்தச் சுரங்கத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பின் பெயராகக் கதையில் மாற்றிவிடட்டும். 1930-களில் ஒருவன், 1950-களில் ஒருவன், சுரங்கம் மூடிய நாளில் ஒருவன். அப்போது முகம் மாறுவது குற்றமாகாது, கதையின் தர்மமாகவே ஆகிவிடும்.

அவர்களில் ஒருவனையேனும் பெரிய நட்சத்திரங்களின் பட்டியலில் தேடாமல், ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும், சுரங்கத் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகளிலும் தேடிப் பார்க்கலாம். வீட்டில் தமிழும் கடைவீதியில் கன்னடமும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுகிற, நாடகப் பித்துள்ள இளைஞர்களுக்கு அங்கே பஞ்சமிராது. அப்படி ஒருவன் அகப்பட்டால், தமிழ்ப் பிரதிக்கென்று தனியாகக் குரல் தேடும் செலவும் தயாரிப்பாளருக்கு மிச்சம்.