மரமும் பயிரும் ஒரே கொல்லையில்: கொள்கைப் பிரகடனம்

திருவண்ணாமலை அண்ணாமலையாரின் தல விருட்சம் மகிழம். மரத்தை வணங்கும் மரபு இம்மண்ணில் நிலைத்தது. மரத்தை வளர்க்கும் கல்வி உழவரிடமிருந்து நழுவியது. அக்கல்வியின் மீட்சிக்காகவே இவ்வியக்கம் பிறக்கிறது.

கன்று விநியோக யுகம் முடிந்துவிட்டது. மேடை, பதாகை, புகைப்படம். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு கன்று. அதன் தோல்வியை நிறுவ நாங்கள் மெனக்கெடப் போவதில்லை. வேளாண் காடு வளர்ப்புக்கெனத் தனிக் கொள்கையை உலகிலேயே முதலில் வகுத்த நாடு இந்தியா, ஆண்டு 2014. காகிதத்தில் முந்தியாயிற்று, இனிக் கொல்லையில் முந்துவோம்.

கூடத்தில் நிகழ்வது சொற்பொழிவு. கொல்லையில் நிகழ்வதே பயிற்சி. உறையைக் கீறி, சுருண்ட வேரை நறுக்கி நடும் துணிவைப் படக்காட்சி தராது. அதைத் தருவது பக்கத்தில் குந்தியிருக்கும் இன்னோர் உழவரின் கை.

சந்தனத்தையே எடுத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையின் சந்தனம் வெட்டிக் கடத்தப்பட்டதைக் கண்டது இம்மாவட்டம். 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பட்டா நிலச் சந்தனத்தை உழவருக்கு உரியதாக்கியது. உரிமை வந்தது, வித்தை வரவில்லை. சந்தனம் தனித்து வாழாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் ஊட்டம் பெறும். ஆகவே நாற்றங்கால் உறையில் பொன்னாங்கண்ணி, நட்ட இடத்தில் துவரை, நெடுங்காலத் துணைக்குச் சவுக்கு. இந்த வரிசை தெரியாமல் நட்டவர்கள் மண்ணைப் பழித்தார்கள். மண் குற்றமற்றது.

அளக்கும் அறிவையும் உழவருக்கே உரிமையாக்குவோம். வியாபாரி கண்ணால் மதிப்பிட்டு மொத்தமாக விலை பேசும் காலம் போதும். சுற்றளவு 36 அங்குலம், நீளம் 10 அடி என்றால், சுற்றளவில் கால்பங்கு 9. அதை 9ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் சுமார் 5.6 கன அடி. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரிடம் பேரத்தின் தொனியே மாறும்.

மல்லாட்டையை விரட்டிவிட்டு மரம் நடச் சொல்லும் அறிவுரையை மறுக்கிறோம். பயிருக்கு வெயில் வேண்டும், உழவருக்கு ஆண்டு வருமானம் வேண்டும்: வரப்பில் மலைவேம்பும் வேங்கையும், கிழக்கு மேற்காக வரிசை, காலத்தில் கவாத்து. தைல மரத்தை மட்டும் அணிவகுத்து நட்டு அதற்குக் காடு என்று பெயரிடுவதையும் மறுக்கிறோம். நாற்றங்கால் பெண்களின் உழைப்பில் நிற்கிறது, பயிற்சியாளர் நாற்காலியில் ஆண்களே அமர்கிறார்கள். இப்பிரிவினையை அறவே ஏற்கோம்.

எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலைச் சரிவில் மரம் வைத்தவர்கள், கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை வெட்டினார்கள். நடுதல் ஒரு நாள் வேலை, காத்தல் பல கோடைகளின் வேலை என்பதை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் எவரும் அண்ணாந்து பார்த்தே அறியலாம். மலை பச்சை கட்டிய ஊரில் அடிவாரக் கொல்லைகள் மொட்டையாகக் கிடப்பதற்கு இனி நியாயமில்லை.

போளூர், செங்கம், கலசபாக்கம், தண்டராம்பட்டு எனத் தாலுகாவுக்கு ஒரு மானாவாரிக் கொல்லை எங்கள் பயிற்சிக் களமாகும். கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆடியில் குழி, ஐப்பசி மழையில் நடவு, தையில் மூடாக்கு, பங்குனியில் உயிர்த்தண்ணீர்: இந்த ஒரு சுற்றை முடித்தவர் தம் ஊரில் இருவருக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர். கற்பிக்காதவர் உறுப்பினர் அல்லர். கடப்பாறையும் அளவுநாடாவும் இயக்கத்தின் பொறுப்பு. மதியச் சோறு கொல்லைக்காரர் பொறுப்பு.