கருவி மறைக்கலாமோ?

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர், பைதன் மொழியையும், தரவுத்தளங்களை வினவுதற்குரிய எஸ்.கியூ.எல். மொழியையும் ஒரே பாடத்திட்டத்தின்கீழ்க் கற்கின்றனர். ஆயினும் இவ்விரண்டையும் இணைத்துச் செய்நிரல் எழுதப் புகும்போது, "இனி எஸ்.கியூ.எல். வேண்டியதில்லை, கருவியே யாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்னும் அறிவுரை எங்கிருந்தோ அவர்களை வந்தடைகின்றது. அவ்வறிவுரை தவறானது என்பதே யான் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

செய்நிரலாளர் பொருள்களைக் கொண்டு சிந்திப்பர். ஈ. எப். கொட் என்பார் 1970 ஆம் ஆண்டில் வகுத்த தொடர்புநிலை முறையில் அமைந்த தரவுத்தளமோ அட்டவணைகளையும் அவற்றின் நிரைகளையுமே அறியும். இவ்விரண்டிற்குமிடையே பாலமாக எழுந்த கருவித்தொகுதிகளுள், மைக் பேயர் என்பவர் 2006 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதன்முதல் வெளியிட்ட எஸ்.கியூ.எல். அல்கெமி தலைசிறந்தது என்பேன். அல்கெமி என்றால் இரசவாதம். பெயர்தான் மாயத்தைச் சுட்டுகின்றது. இயல்போ அதற்கு நேர்மாறு. அதன் கீழ்த்தட்டு எஸ்.கியூ.எல். வாக்கியங்களைப் பைதனிலேயே அமைக்க உதவும்; மேற்றட்டு நிரைகளைப் பொருள்களாக்கும். மேற்றட்டு வேண்டாதார் கீழ்த்தட்டோடு நின்றுவிடலாம்.

நூறு மாணவர் நூல்நிலையத்தில் இரவல் பெற்ற நூல்களைப் பட்டியலிட வேண்டுமெனக் கொள்வோம். மாணவர் பெயர்களைப் பெற ஒரு வினவல், பின்னர், கவனியாது எழுதியவிடத்து, ஒவ்வொரு மாணவரின் நூல்களுக்கும் தனித்தனி வினவல், ஆக 101. ஐந்தாறு பெயர்களைக் கொண்டு சோதிக்கும்போது இக்குறை புலனாகாது. ஆயிரக்கணக்கில் பெயர்கள் பெருகும்போது செய்நிரல் திணறும். கணினி பழையதென்று அதன்மேற் பழி சுமத்துவர். அல்கெமியும், நாம் வாளாவிருந்தால், இவ்வாறே செய்யும் என்பதை மறைத்தற்கில்லை. ஆனால் 'எக்கோ' என்னும் அமைப்பை இயக்கிவிட்டால், தான் அனுப்பும் வாக்கியம் ஒவ்வொன்றையும் அது திரையிலே எழுதிக் காட்டும். நூற்றொரு வாக்கியங்கள் அடுத்தடுத்து ஓடக் கண்ட மாணவன், எஸ்.கியூ.எல். அறிந்தவனாயின், காரணத்தை உடனே உணர்ந்து, அட்டவணைகளை இணைத்து ஒரே வினவலாக்கப் பணிப்பான். அறியாதவனுக்கு அது வெறும் எழுத்துக்குவியலே.

பாதுகாப்பின் கதையும் இதுவே. பயனர் தட்டெழுதிய சொல்லை வாக்கியத்தோடு ஒட்டிவிட்டால், தீயோர் அச்சொல்லினூடே தம் கட்டளையைப் புகுத்துவர். அல்கெமி மதிப்புகளை வாக்கியத்தினின்று வேறாக அனுப்புதலால் அவ்வபாயம் பெரிதும் நீங்குகின்றது. எனினும் கையாலே ஒட்டித்தான் எழுதுவேன் என்னும் பிடிவாதக்காரனை எக்கருவியும் காவாது.

நிற்க, இத்தொகுதி எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது. எவரும் விலையின்றிப் பெறலாம்; மாற்றலாம்; தாம் விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். பலர் இதில் விலையின்மையை மாத்திரமே காண்கின்றனர். மூலத்தைத் திறந்து வாசிக்கலாம் என்பதன்றோ மாணவனுக்குக் கிடைத்த பெரும்பேறு! 2023 ஜனவரியில் 2.0 ஆம் பதிப்பு வெளிவருமுன், 2021 இல் வந்த 1.4 ஆம் பதிப்பு, கைவிடப்படவிருந்த பழைய வழக்குகளைச் சுட்டி எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. அதனால் எனக்கும் வேலை மிகுந்ததுதான். ஆயினும் பயன்படுத்துவோரை இத்துணை மதித்து நடக்கும் விற்பனை நிறுவனங்களை அதிகம் கண்டிலேன். அம்மதிப்புக்குக் கைம்மாறு செய்ய விரும்புவோர், குறையொன்று கண்டவிடத்து "வேலை செய்யவில்லை" என்று முறையிடாது, அக்குறையை மீளத் தோற்றுவிக்கும் மிகச் சிறிய செய்நிரலை எழுதி ஆக்கியோர்க்கு அனுப்புதல் வேண்டும். அதனை எழுதும்போதே பிழை தம்முடையதென்று கண்டுகொள்வாரும் உளர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். எஸ்.கியூ.லைற் என்னும் சிறு தரவுத்தளத்தைக் கையாளும் பகுதி 2006 இல் வந்த 2.5 ஆம் பதிப்பு முதல் பைதனோடு சேர்ந்தே கிடைக்கின்றது. தனிச் சேவையகம் வேண்டியதில்லை. ஆய்வுகூடத்துப் பழைய கணினிகளே போதும். ஒரு தவணை முழுவதும் மாணவர் அதில் வினவல்களைக் கையாலே எழுதட்டும். அடுத்த தவணையில் அல்கெமியைக் கொடுங்கள், 'எக்கோ'வை அணைக்காமல்.