கையொப்பம் வைக்குமுன் கேளுங்கள்

இலங்கைப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் அண்மைக்காலமாகத் தைரொயிட் புற்றுநோய் நிற்கிறது. பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. உரிய நேரத்தில் சத்திரசிகிச்சை செய்தால் நீண்ட ஆயுளுக்குத் தடையில்லை. நோய் போனபின் இன்னும் பல பத்தாண்டுகள் வாழவேண்டியவர் என்பதாலேயே, கழுத்தில் எதை எடுக்கிறார்கள் என்பதோடு எதை விட்டுவைக்கிறார்கள் என்பதும் முக்கியமாகிறது.

தைரொயிட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் நான்கு பராதைரொயிட் சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கே சிரமம். இரத்தத்தில் கல்சியத்தின் அளவைக் காப்பவை இவைதாம். சுரப்பியை அப்படியே விட்டாலும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய நாளம் அறுபட்டால் அது செத்துவிடும்.

கல்சியம் குறைவதன் விளைவு பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மூன்று நாட்களுக்குள் தெரியும். உதட்டைச் சுற்றி ஊர்வதுபோன்ற உணர்வு, விரல் நுனியில் விறைப்பு, கை உள்நோக்கி இழுத்துக்கொள்ளுதல். முற்றினால் வலிப்பு வரும். இதயத் துடிப்பும் தடுமாறும். வீட்டுக்கு வந்தபின் இப்படி நேர்ந்தால், வாயுப் பிடிப்பென்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போய் கல்சியத்தைப் பார்க்கவேண்டும்.

சுவீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இச்சுரப்பிகளை 1880இல் விவரித்தபோது உலகம் கண்டுகொள்ளவில்லை. அதே காலத்தில் வியன்னாவில் சத்திரசிகிச்சை நிபுணர் பில்ரோத் தைரொயிட்டை அகற்றியவர்களில் பலருக்குக் கைகால் இழுப்பு வந்தது. சுவிற்சர்லாந்தின் பேர்ணில் இன்னொரு நிபுணரான கோச்சரின் நோயாளிகளுக்கு அது அரிதாகவே வந்தது. கோச்சர் நிதானமாக, அதிகம் இரத்தம் சிந்தாமல், திசுவை மென்மையாகக் கையாண்டு வேலை செய்தவர். 1909இல் நோபல் பரிசு பெற்றார்.

இன்று இச்சுரப்பிகளை அகச்சிவப்பு ஒளியில் ஒளிரவைத்துக் காட்டும் கருவிகள் உண்டு. அமெரிக்கா 2018இல் இரண்டுக்கு அனுமதி கொடுத்தது. இரத்த ஓட்டம் அறுந்த சுரப்பியைச் சிறு துண்டுகளாக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துக் காப்பாற்றுவதும் உண்டு. ஆனாலும் கைப்பழக்கத்துக்கு ஈடில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 17,000 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு 25க்கு மேல் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. ஆபத்துக் குறைந்த, நான்கு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகள் பலவற்றுக்கு தைரொயிட்டின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தாலே போதும். மறுபக்கத்துச் சுரப்பிகள் தொடப்படுவதேயில்லை.

நோன்பு நோற்போர் மிகுந்த கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளுக்கு இன்னொரு கவனமும் தேவை. பராதைரொயிட் சுரப்பிகள் நிரந்தரமாகச் செயலிழந்தவர் நாளுக்குப் பல தடவை கல்சியமும் விற்றமின் டியும் எடுக்கவேண்டும். தைரொயிட் இல்லாததால் எடுக்கும் தைரொக்சின் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இடையே நான்கு மணித்தியாலமாவது வேண்டும். ரமழானில் இரண்டையும் ஸஹர் நேரத்தில் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் சரியாக உறிஞ்சப்படாது. பகல் முழுக்கக் கல்சியம் இல்லாவிட்டால் இழுப்பு வரலாம். நோயாளி நோன்பை விட மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே டொக்டரிடம் இதைப் பேசிவிடவேண்டும்.

சத்திரசிகிச்சை எங்கே நடந்தாலும், கல்சியப் பரிசோதனை செய்யாமல் தைரொயிட் முழுவதும் எடுத்தவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஊர் திரும்பியபின் அதே பரிசோதனை கல்முனையிலேயே தாமதமின்றிக் கிடைக்கவும் வேண்டும். குடும்பத்தாரே, சம்மதப் படிவத்தில் கையொப்பம் வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா? செய்பவர் இதை அடிக்கடி செய்கிறவரா? கல்சியத்தை எப்போது பார்ப்பீர்கள்?