யாருடைய 24 மணி நேரம்?

"எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான்." கல்லூரிக் கூட்டங்களில் இதைச் சொல்லாத தன்னம்பிக்கைப் பேச்சாளர் அரிது. சாதித்தவர்களுக்கும் அதே 24 மணி நேரம், உனக்கும் அதேதான், பிறகு நீ ஏன் திணறுகிறாய் என்பது அதன் பொருள். திருப்பூரில் நின்று இதைப் பேசுபவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. நான் இந்த ஊரில் படித்தவள். கல்லூரி விட்டதும் பிசிறு வெட்டிக்கொண்டே பட்டம் வாங்கியவள். இப்போது இங்கேயே பாடம் நடத்துகிறேன். எங்கள் பெண்களுக்கு 24 மணி நேரம் இல்லை. அது கைக்கு வருவதற்கு முன்பே மற்றவர்கள் பங்கு போட்டுவிடுகிறார்கள்.

பனியன் கம்பெனிக் குடும்பத்து மாணவி ஒருத்தியின் நாளை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுகிறாள். எட்டரை ஷிப்டுக்கு அம்மா கிளம்ப வேண்டும். அதற்குள் சோறு பொங்கி, அப்பா, அண்ணன், அம்மா மூவருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை, நினைத்த நேரத்தில் வரும். வரும் நாளில் குடம் குடமாகப் பிடித்து வைப்பதும் அவள்தான். பிறகு பஸ், கல்லூரி, மறுபடி பஸ், துணி, பாத்திரம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒன்பது வரை செக்கிங் டேபிளில் அரை ஷிப்ட். இரவுச் சாப்பாடு முடித்து நோட்டை விரிக்கும்போது மணி பத்தரை. இவளிடம்தான் "மொபைலைக் குறை, அட்டவணை போடு" என்கிறோம். அட்டவணையில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது?

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஒரு நாளில் 100 பெண்களுக்கு 81 பேர் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26 பேர். ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். வேலை செய்கிற ஆணோடு ஒப்பிட்டாலே மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1989இல் எழுதிய நூலில், சம்பள வேலை முடித்து வந்த பெண் வீட்டில் செய்வதை 'இரண்டாவது ஷிப்ட்' என்றார். எங்கள் மாணவிகளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. கல்லூரி ஒரு ஷிப்ட், கம்பெனி அரை ஷிப்ட், வீடு இன்னொரு ஷிப்ட்.

இந்த ஊரில் மன அழுத்தமும் ஒரு சரக்குதான். மேலிருந்து கீழே கைமாறி வரும். வெளிநாட்டு பையர் தேதி வைக்கிறார். கப்பல் தேதி தவறினால் ஆர்டரில் விலை வெட்டு, அல்லது விமானச் செலவு. எக்ஸ்போர்ட்டர் ஜாப் ஒர்க் யூனிட்டை நெருக்குகிறார், யூனிட் காண்ட்ராக்டரை, காண்ட்ராக்டர் டெய்லரை. அம்மாவுக்கு 'நைட்' விழுகிறது. அடுத்த நாள் காலை அடுப்படி முழுக்க மகள் தலையில். ஷிப்மெண்ட் வாரத்தில் என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாவதை நான் பார்க்கிறேன். அந்த மணி நேரங்கள் எல்லாம் கடைசியில் வருகைப் பதிவேட்டில் வந்து விழுகின்றன. 75 விழுக்காடு இல்லையென்றால் தேர்வுக்குக் காண்டனேஷன் கட்டணம். கப்பலின் அவசரத்துக்கு அபராதம் கட்டுவது கல்லூரிப் பெண்.

நேரம் என்பது அரசியல் என்று தொழிலாளர்களுக்குத் தெரியும். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, வேலை நாளை 12 மணி நேரமாக நீட்ட வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்களிடம் யாரும் "நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தப்ப முடியவில்லை. அதே தொழிலாளியின் மகள் களைத்து விழுந்தால் மட்டும் அது அவளுடைய ஒழுங்கீனம் ஆகிவிடுகிறது.

மூச்சுப் பயிற்சியை நான் கேலி செய்யவில்லை. ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்வது நல்லதுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் பாத்திரம் அங்கேயே கிடக்கும்.

"கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்த பெண்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், நானும் ஒருத்தி. எங்களை உதாரணமாகக் காட்டுவதை நிறுத்துங்கள். தாக்குப்பிடித்தவர்களைக் காட்டி, தாக்குப்பிடிக்க முடியாதவர்களைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "என்னால் முடியவில்லை" என்று மகன் சொன்னால், "வேலைக்குப் போக வேண்டாம், படி சாமி" என்பார்கள். மகள் அதையே சொன்னால், "அப்பறம் எதுக்கு அம்மிணி படிப்பு? நின்னுக்கோ, கம்பெனிக்குப் போ" என்பார்கள். இல்லையென்றால் ஜாதகத்தை எடுப்பார்கள். அதனால்தான் எங்கள் பெண்கள் சொல்வதில்லை. நீங்கள் 'மன அழுத்தம்' என்று பெயர் வைப்பது இந்த வாய்மூடலுக்குத்தான். களைப்பை ஒப்புக்கொண்டால் படிப்பே போய்விடும் என்ற பயத்தில் எந்த மாணவி ஆலோசகரிடம் மனம் திறப்பாள்?

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. திருமண உதவியாக இருந்த நிதி படிப்புக்குத் திரும்பியது பெரிய விஷயம், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அது நாளுக்கு 33 ரூபாய். அரை ஷிப்டை அது நிறுத்தாது. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி தரச் சொல்கிறது சட்டம். பல இடங்களில் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான். அம்மாவுக்குச் சேர வேண்டிய அந்த இரட்டைக் கூலி வீடு வந்து சேர்ந்தால், பல மகள்கள் ஐந்தரைக்குப் பிறகு புத்தகம் எடுக்கலாம்.

கல்லூரிகளே, அசைன்மெண்டையும் ரெக்கார்டு நோட்டையும் வகுப்பு நேரத்துக்குள் முடிக்க இடம் கொடுங்கள். வேலைக்குப் போகும் மாணவியின் காண்டனேஷன் கட்டணத்தை நீக்குங்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்கிற மேடைக்கு ஒருமுறை பெற்றோரையும் அண்ணன் தம்பிகளையும் அழைத்து, சமையல் யார் பொறுப்பு என்று பேசுங்கள்.

தோழிகளே, ஒரு வாரத்துக்கு அட்டவணை போடாதீர்கள், கணக்கு எழுதுங்கள். எந்த மணி நேரம் யாருக்குப் போனது என்று பெயர் போட்டு எழுதுங்கள். அண்ணன் டிபன் பாக்ஸ் அரை மணி, ஷிப்மெண்ட் நாலு மணி என்று. வகுப்புத் தோழியின் கணக்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பிறகு அந்த நோட்டை வீட்டிலும் துறைத் தலைவரிடமும் விரித்து வையுங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலு பேராகப் போங்கள்.