அழிக்க இயலாத படம்

புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் அரும்பொருள்களுள் ஒன்று நடன மங்கையின் வெண்கலச் சிலை. அது மொகஞ்சதாரோவில் 1926-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் உயரம் சுமார் 10.5 செ.மீ. மட்டுமே. அத்துணைச் சிறிய உருவத்தின் கைவளைகளையும் நிமிர்ந்த தலையையும் காண, அருகில் சென்று சற்று நேரம் நிற்க வேண்டும். ஆனால் வருவோர் பலர் நிற்பதில்லை. கைப்பேசியை உயர்த்துகின்றனர், படம் பிடிக்கின்றனர், மறுநொடியே நகர்ந்துவிடுகின்றனர்.

இவ்வாறு எடுக்கும் படம் நினைவுக்குத் துணையாகுமா? அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல், ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். அவ்வாய்வு 2014-ஆம் ஆண்டு அச்சில் வந்தது. வெறுமனே பார்த்த பொருள்களைவிட, முழுமையாகப் படம் எடுத்த பொருள்களையே மாணவர்கள் அதிகம் மறந்திருந்தனர். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுக்கமாக நோக்கிப் படம் எடுத்தபோது அம்மறதி நேரவில்லை. எனவே குற்றம் கருவியுடையது அன்று. பாராமலே படம் எடுக்கும் பழக்கத்தினுடையது.

அப்பழக்கத்தை மாற்றுதற்குப் பழைய படச்சுருள் கேமரா நல்லதோர் ஆசான். ஒரு சுருளில் பொதுவாக 36 படங்களே எடுக்கலாம். அருங்காட்சியகக் கூடங்களில் ஒளி குறைவு. பல இடங்களில் ஒளிவீச்சு விளக்குக்கும் முக்காலிக்கும் இசைவு இல்லை. ஆதலால் மூச்சை அடக்கி, கை அசையாமல் நின்று, ஏற்ற நொடிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவன் வேறு வழியின்றிப் பார்க்கவும் கற்றுக்கொள்கிறான்.

அவ்வாறு பார்ப்பவனுக்குச் சிலைகளினும் அவற்றைக் காணும் மனிதர்களே பெருங்காட்சியாகத் தோன்றுவர். நடன மங்கையைப் போலவே இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் ஒரு சிறுமி. சோழர் கால நடராசர் திருமேனியின் முன் ஒரு மூதாட்டியின் கைகள் தாமே குவிகின்றன. 'இங்கே பாருங்கள்' என்று சொன்னால் அக்கணம் கலைந்துவிடும். சொல்லாமல் எடுக்கும் இத்தகைய இயல்புப் படங்களுக்குத் தனி அழகு உண்டு.

எனினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பிறர் அறியாமல் அவரைப் படம் பிடிப்பது முறையா? கலைக்கு அது தேவை என்பர் சிலர். ஆனால் அம்மூதாட்டிக்கு நடராசர் காட்சிப் பொருள் அல்லர், கடவுள். அவர் செய்வது வழிபாடு. அதனைப் படமாக்கும் உரிமை, கேமரா வைத்திருப்பதனால் மட்டும் ஒருவருக்கு வந்துவிடாது. கைப்பேசிப் படத்தை அவர் மறுத்தால் அவர் கண்முன்னே அழிக்கலாம். படச்சுருளிலோ பதிந்த ஒன்றை மட்டும் அங்கேயே அழித்துக் காட்ட இயலாது. ஆகவே எண்ணிப் பார்ப்பது பொத்தானை அழுத்துமுன் நிகழ வேண்டும்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராகப் போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா. விடுதலைக் காலத் தில்லியைப் படச்சுருளில் பதிவு செய்த அவர், 1970-ஆம் ஆண்டு அத்தொழிலைத் துறந்தார். புதிய தலைமுறைப் படப்பிடிப்பாளர்களின் பண்பற்ற நடத்தை தமக்குப் பிடிக்கவில்லை என்பதை அதற்குக் காரணமாகக் கூறினார். படத்தின் சிறப்பினும் எடுப்பவரின் பண்பு பெரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆகவே இயல்புப் படங்களை விலக்க வேண்டியதில்லை, வரையறுத்துக்கொண்டால் போதும். முகம் தெரியாமல் பின்னிருந்து எடுக்கலாம். குவிந்த கைகளை மட்டும் எடுக்கலாம். முகம் தெரிய எடுத்துவிட்டால், உடனே சென்று உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அப்படத்தை அச்சிடாது விடவேண்டும். 36 படங்களுள் ஒன்று குறைவதால் கலைக்கு இழப்பில்லை. ஒருவரின் நம்பிக்கை குறைந்தால் அதனை எந்தப் படத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

சிந்தித்து எழுதுக

1. படச்சுருள் கேமராவைக் கட்டுரை 'நல்லதோர் ஆசான்' என்று கூறுவது ஏன்?
2. உங்கள் பாட்டியை ஒருவர் கேளாமல் படம் எடுத்தால் நீங்கள் என்ன கூறுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.