இரண்டு நிமிடத் தேர்வும் நிலைக்குழுவும்

ஒரு நாடக நிறுவனம் தன் நடிகர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பது நிர்வாகம் சார்ந்த சிறு செய்தியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. நாடக வரலாற்று நூல்கள் நாடகாசிரியரையும் நெறியாளரையும் பற்றிப் பேசும் அளவுக்குத் தேர்வறையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நடிகரின் திறமையை யார், எவ்வளவு நேரம் பார்த்து மதிப்பிடுகிறார்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எத்தனை காலம் அக்குழுவில் நீடிக்கிறார், தேர்வுக்காக அலையும் செலவு யார் தலையில் விழுகிறது ஆகிய கேள்விகளுக்கு ஒரு சமூகம் தரும் விடைதான், அதன் மேடையில் எவ்வகை நடிப்பு வளரும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. அமெரிக்க வட்டார அரங்குகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. வட்டார அரங்கு என்பது, நியூயார்க்கின் பிராட்வே வணிக அரங்குகளுக்கு வெளியே பிற நகரங்களில், இலாப நோக்கமின்றி, ஆண்டுதோறும் சில நாடகங்களை ஒரு பருவமாகத் தொகுத்து அறிவித்து, சந்தாதாரர்களுக்கு நுழைவுச்சீட்டை முன்கூட்டியே விற்று நடத்தப்படும் தொழில்முறை அரங்கு. அங்கு இன்று வழக்கிலுள்ள நடிகர் தேர்வு, அதாவது திரைத்துறை வழியாகத் தமிழிலும் ஆடிஷன் என்றே வழங்கும் முறை, நிலையான நடிகர் குழு கலைந்துபோன இடத்தில் முளைத்த ஏற்பாடு என்பதே இத்தலையங்கத்தின் கருத்து.

இவ்வரங்குகளுக்கு அடித்தளமிட்ட மூவர் பெண்கள். மார்கோ ஜோன்ஸ் 1947இல் டாலஸ் நகரிலும், நினா வான்ஸ் அதே ஆண்டில் ஹூஸ்டனிலும் அரங்குகளைத் தொடங்கினர். செல்டா ஃபிச்சாண்ட்லர் தம் கணவர் தாமஸ், தம் ஆசிரியர் எட்வர்ட் மாங்கம் ஆகியோருடன் சேர்ந்து 1950இல் வாஷிங்டனில் ஒரு பழைய திரையரங்கில் அரீனா ஸ்டேஜைத் தொடங்கினார். ஒரு நாடகத்துக்கென நடிகர்களைத் திரட்டி, வசூல் நிற்கும் நாளில் அவர்களைக் கலைத்துவிடும் பிராட்வே வழக்கத்துக்கு மாற்றாக, ஒரே ஊரில் தங்கி ஆண்டு முழுதும் சம்பளம் பெற்று, இந்த மாதம் செகாவிலும் அடுத்த மாதம் ஷேக்ஸ்பியரிலும் நடிக்கும் நிலைக்குழுவை உருவாக்குவது இவ்வியக்கத்தின் பெருங்கனவாக இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி அக்கனவுக்குக் கைகொடுத்தது. 1963இல் நெறியாளர் டைரோன் குத்ரி மினியாபொலிஸ் நகரில் தம் பெயரிலான அரங்கை ஹாம்லெட் நாடகத்தோடு திறந்தபோது, ஜெசிக்கா டேண்டியும் ஹியூம் குரோனினும் புகழ்பெற்ற நடிகர்களாக இருந்தும் அப்பருவக் குழுவின் உறுப்பினர்களாகவே அங்கு சென்றனர். அத்தகைய குழுவில் ஒருவர் ஒருமுறை தேர்வு பெற்றால் போதும். அதன் பிறகு நெறியாளர் அவரை ஒத்திகையிலும், தோல்வியுற்ற காட்சிகளிலும், சிறு வேடங்களிலும் பார்த்துப் பார்த்தே அறிந்துகொள்கிறார். ஒரு பருவத்தில் ஏவலாளாக வந்தவர் மறு பருவத்தில் தலைமை வேடம் ஏற்பதற்கு அந்த நீண்ட பழக்கமே பரிந்துரையாக அமைகிறது.

அந்த ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. 1967இல் அரீனா ஸ்டேஜ் மேடையேற்றிய, ஹோவர்ட் சாக்லர் எழுதிய த கிரேட் ஒயிட் ஹோப் என்னும் நாடகம் அடுத்த ஆண்டு பிராட்வேக்குச் சென்று பெரும் வெற்றி பெற்றது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் ஜேன் அலெக்சாண்டரும் அதன் வழியே நாடறிந்த நடிகர்களானார்கள். ஆனால் நாடகத்தை உருவாக்கிய அரங்குக்கு அந்த வருவாயில் பங்கு கிடைக்கவில்லை என்பதோடு, வெற்றியோடு சேர்ந்து அதன் நடிகர்களில் பலரும் நியூயார்க் சென்றுவிட்டனர். திரைப்படமும் தொலைக்காட்சியும் தந்த ஊதியத்துக்கு ஈடாக எந்த வட்டார அரங்காலும் தர இயலவில்லை. பொருளாதார நெருக்கடி வந்த ஆண்டுகளில், பத்து இருபது பேருக்கு ஆண்டுச் சம்பளம் தருவதைவிட ஒவ்வொரு நாடகத்துக்கும் சில வாரங்களுக்கு ஆள் அமர்த்துவது சிக்கனம் என்று நிர்வாகக் குழுக்கள் கணக்கிட்டன. கட்டடங்களும் சந்தாதாரர்களும் அலுவலர்களும் நிலைத்திருக்க, நடிகர் மட்டும் வந்துபோகிறவராக மாறினார். கலைக்கென எழுந்த ஒரு நிறுவனத்தில் கலைஞர் மட்டும் தற்காலிகப் பணியாளராக இருப்பது பெரும் இழப்பு என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இன்றைய தேர்வு முறையை இப்பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வட்டார அரங்குகள் 1966இல் தமக்கென ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. அது, 1913இல் தோன்றி 1919ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் வழியே முதலாளிகளின் ஏற்பைப் பெற்ற ஈக்விட்டி என்னும் மேடை நடிகர் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. வாரச் சம்பளத்தின் கீழ்வரம்பு, ஒத்திகை நேரம், வெளியூரிலிருந்து வருபவருக்கான தங்குமிடம் ஆகியவற்றோடு, ஒவ்வொரு பருவத்துக்கும் சங்க உறுப்பினர் எவரும் வந்து நடித்துக் காட்டக்கூடிய பொதுத் தேர்வை நடத்த வேண்டும் என்ற கடமையும் அதில் அடக்கம். தேர்வுக்கான அறிவிப்பு கவனமாகப் படிக்கத்தக்க ஓர் ஆவணம். பருவத்தின் நாடகங்கள், நெறியாளர்கள், ஒத்திகை தொடங்கும் நாள், கடைசிக் காட்சியின் நாள், சம்பளம், தேர்வைப் பார்வையிட வருபவர்களின் பெயர்கள், ஒவ்வொரு வேடத்தின் வயதும் இயல்பும் என யாவும் அதில் இருக்கும். ஒரு வேடத்துக்கு ஏற்கெனவே ஆள் முடிவாகியிருந்தால் அதுவும் வெளிப்படையாகக் குறிக்கப்படும். எந்த வேடம் காலியாக இருக்கிறது என்பதே தெரியாமல் நெறியாளரின் வீட்டு வாசலுக்கு நடக்கும் நடிகரின் நிலையோடு ஒப்பிட்டால், இந்த ஒரு வரியின் நேர்மை எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

தேர்வு நாளில் நடப்பவை மிகச் சுருக்கமானவை. கூடத்தின் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைக்கிறார். முன்பதிவு செய்யாத உறுப்பினர்கள் மாற்றுப் பட்டியலிலும், உறுப்பினர் அல்லாதோர் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற நம்பிக்கையிலும் காத்திருக்கின்றனர். உள்ளே நுழையும் நடிகர், பின்பக்கம் தன் நடிப்பு அனுபவப் பட்டியல் இணைக்கப்பட்ட ஒளிப்படத்தை மேசையில் வைக்கிறார். இசை நாடகமெனில் பியானோக் கலைஞரிடம் இசைத்தாளைக் கொடுத்து, பாடலின் காலப்பிரமாணத்தை மெல்லிய குரலில் பாடியோ விரலால் தட்டியோ உணர்த்த வேண்டும். பெரும்பாலும் பாட அனுமதி 16 தாள அளவுகளுக்குத்தான். பின்னர் அறையின் நடுவே நின்று தன் பெயரையும் நாடகத்தின் பெயரையும் சொல்லி, தன்னுரை எனப்படும் தனி வசனப் பகுதிகளை நடிக்கிறார். ஒன்று பழைய கவிதை நாடகத்திலிருந்து, மற்றொன்று தற்கால நாடகத்திலிருந்து, ஒன்று துயரமெனில் மற்றொன்று நகைச்சுவை என மாறுபட்ட இரு பகுதிகளைக் கேட்பது வழக்கம். வசனம் யாரை நோக்கியதோ அந்த எதிர்ப் பாத்திரத்தை அவர் தேர்வாளர்களின் தலைக்குச் சற்று மேலே கற்பனையில் நிறுத்திக்கொள்கிறார். தேர்வாளர்களின் கண்களையே பார்த்துப் பேசினால் அவர்கள் குறிப்பெழுத முடியாமல் தாமும் நடிக்க வேண்டியவர்களாகிவிடுவார்கள் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது. இரண்டு அல்லது மூன்று நிமிடங்களில் நன்றி என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும். பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் கூடி ஆள் எடுக்கும் தென்கிழக்கு மாநிலக் கூட்டுத் தேர்வில் நடிகர் மார்பில் எண்ணை அணிந்து வருவார். பாட்டும் வசனமும் சேர்ந்து 90 வினாடிகள்தான். நம்பிக்கை தந்தவர்கள் மட்டும் மறு அழைப்புப் பெறுவர். அவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும் காட்சிப் பகுதிகளை உடன் ஒருவர் வாசிக்க நடித்துக் காட்ட, நெறியாளர் இதையே கோபமின்றிச் சொல்லிப் பாருங்கள் என்பது போன்ற ஒரு திருத்தத்தைத் தந்து, அதை நடிகர் எவ்விதம் உள்வாங்குகிறார் என்று பார்க்கிறார்.

நடிப்பை அறிய இவற்றில் உண்மையில் உதவுவது இந்தக் கடைசிப் படியே. ஒருவர் தனித்து நின்று இரண்டு நிமிடத்துக்கு மெருகேற்றிய தன்னுரை அவரது குரலையும் உச்சரிப்பையும் துணிவையும் காட்டும். ஆனால் பிறர் பேசுவதைக் கேட்கும் திறனையும், நாற்பதாவது காட்சியிலும் சோர்வின்றி நடிக்கும் ஆற்றலையும், ஒத்திகை அறையில் சக நடிகரின் தவறைத் தாங்கும் பண்பையும் காட்டாது. நாடகம் என்பது பெரும்பாலும் கேட்டுப் பதிலிறுக்கும் கலையாக இருக்க, அதற்கு ஆள் எடுக்கும் வாயில் மட்டும் தனிப்பேச்சுக்காரருக்கு உரியதாக இருப்பது இம்முறையின் ஆழமான குறை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும் முகவர்கள் வழியாக நேர ஒதுக்கீடு பெறுபவர்களுக்கே முக்கிய வேடங்கள் செல்கின்றன என்ற மனக்குறை நடிகர்களிடையே நெடுங்காலமாக உண்டு. தம் ஊர் அரங்கு நியூயார்க்கிலும் தேர்வு நடத்தி அங்கிருந்து ஆள் அழைத்து வருவதைக் காணும் உள்ளூர் நடிகரின் வருத்தம் இன்னும் நியாயமானது. சங்க விதி பார்க்கப்படும் உரிமையைத் தருகிறது. வேடம் பெறும் உரிமையை எந்த விதியாலும் தர இயலாது. இருப்பினும் அந்த முதல் உரிமைகூட இல்லாத இடங்களை நினைத்தால், அதைப் போராடிப் பெற்ற நடிகர்களின் உழைப்பு வணக்கத்துக்குரியது.

யார் எந்த வேடத்துக்குப் பொருத்தம் என்ற கேள்விக்குள் நிறமும் இனமும் ஒளிந்திருப்பதை கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரை வெளிக்கொணர்ந்தது. கூட்டமைப்பின் 66 அரங்குகளில் கறுப்பின அரங்கு ஒன்றே ஒன்றுதான் என்று சுட்டிய அவர், நிறம் பாராமல் வேடம் கொடுப்பதைத் தீர்வாக ஏற்க மறுத்தார்; வெள்ளையரின் கதைகளில் கறுப்பின நடிகருக்கு இடம் தருவதைவிடக் கறுப்பினத்தாரின் கதைகளுக்கு அரங்கும் நிதியும் தருவதே வேண்டும் என்பது அவர் வாதம். மறுத்து எழுதிய நாடக விமர்சகர் ராபர்ட் பிரஸ்டைனோடு அவர் 1997இல் நியூயார்க் டவுன் ஹாலில் நேருக்கு நேர் வாதிட்டார். தேர்வறையின் நீதி, பருவத்துக்கான நாடகங்களைத் தேர்ந்தெடுக்கும் அறையிலேயே தொடங்குகிறது என்பது இவ்விவாதம் விட்டுச்சென்ற பாடம். கலப்பு நடிகர் பட்டியல் ஒன்றை மட்டும் சாதனையாகக் காட்டும் எவருக்கும் வில்சனின் கேள்வி இன்றும் முன்நிற்கிறது.

நிலைக்குழுவின் நிழல் சில இடங்களில் எஞ்சியிருக்கிறது. 1935இல் ஆங்கஸ் பௌமர் ஆஷ்லாண்டில் தொடங்கிய ஆரிகன் ஷேக்ஸ்பியர் விழாவில் பல நாடகங்கள் ஒரே காலத்தில் மாறி மாறி நிகழ்வதால், நடிகர் ஒரு வேடத்துக்கென்று தேர்வாவதில்லை. இரண்டு மூன்று நாடகங்களின் வேடங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுதிக்குத் தேர்வாகிப் பல மாதங்கள் அவ்வூரில் வாழ்கிறார். பிற்பகலில் படைவீரராக நின்றவரை இரவில் அரசராகக் காணும் பார்வையாளர், கதையோடு நடிகரின் கலையையும் சேர்த்துப் பார்க்கப் பழகுகிறார்.

தமிழ் மேடையும் இதே திருப்பத்தைக் கண்டதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் கம்பெனிகளில் சிறுவர்கள் குரல் வளத்தால் தேர்வு பெற்று, அங்கேயே தங்கிப் பாடமும் பாட்டும் பயின்றனர். வளரும் வயதில் குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள், அது வந்த சிறுவனின் எதிர்காலம் கேள்விக்குறியானது. கம்பெனிகள் கலைந்தபின் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகமே நிலைத்தது. இதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஏற்பாடாகின்றனர். ஒத்திகையும் நெறியாளரும் இல்லாமலே, அன்றிரவு மேடையில்தான் சந்தித்துக்கொள்ளும் இருவர் வள்ளி திருமண தர்க்கத்தை விடியும்வரை நடத்துகின்றனர். அமெரிக்க நடிகரைப் போலவே இவர்களும் குழுவற்றவர்கள், ஆயினும் தேர்வறை இங்கு உருவாகவில்லை. சுவாமிகளின் பாடல்களும் கதையமைப்பும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருந்ததும், திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பக்கத்து ஊரில் முழு இரவு பார்த்துவிட்டே தேதி கேட்டு வந்ததும், நடிகர் சங்கங்கள் நடுநின்றதும் அதற்குக் காரணம். மேசைக்குப் பின்னிருந்து இரண்டு நிமிடம் பார்ப்பதைவிட, மண்ணில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் பார்த்த கண்ணுக்கு நடிகரைப் பற்றி அதிகம் தெரியும். ஆனால் புதியவர் எவ்வாறு முதல் தேதி பெறுவது என்ற கேள்விக்கு அம்முறையில் எழுதப்பட்ட விடை ஏதுமில்லை. பெரும்பாலும் குடும்பமும் உறவுமே வழிவிட்டன.

நவீன நாடகத்தில் நிலைமை இன்னும் தெளிவற்றது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை முழுநேர நடிகர்கள் என்ற எண்ணத்தைத் தமிழில் ஊன்றியது. எனினும் பல குழுக்களில் நடிகர் நட்பின் வழியாகவோ பயிற்சிப் பட்டறையின் வழியாகவோ வந்து சேர்கிறார். யாரும் வெளிப்படையாக அழைக்கப்படாததால் யாரும் வெளிப்படையாக மறுக்கப்படுவதுமில்லை, விலக்கப்பட்டவருக்குத் தாம் விலக்கப்பட்டதே தெரிவதுமில்லை. கர்நாடகத்தில் நெறியாளர் பி.வி. காரந்த் தலைமையில் 1989இல் மைசூரில் உருவான ரங்காயணம் இளம் நடிகர்களைத் தேர்ந்தெடுத்து நிலைக்குழுவாக வளர்த்தது. அவர்கள் பல்லாண்டுகள் அங்கேயே பணியாற்றி மூத்தபோது இளைய வேடங்களுக்கும் புதியவர்களுக்கும் இடம் எங்கே என்ற சிக்கலும் எழுந்தது. ஆகவே பொதுப்பணத்தில் தமிழில் ஒரு பருவம் திட்டமிடப்படுமானால், மூன்று அல்லது நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அமையும் குழுவும், ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி இடங்களுக்கு நடத்தப்படும் திறந்த தேர்வும் வேண்டும் என்று இவ்விதழ் வலியுறுத்துகிறது. வேடங்களும் சம்பளமும் தேர்வாளர் பெயர்களும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். தன்னுரையோடு நில்லாமல் இருவர் மூவராகச் சேர்ந்து அரை நாள் பணியாற்றும் பட்டறையாகத் தேர்வு நடக்க வேண்டும். அது சென்னையில் மட்டும் நடவாமல் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் நடக்க வேண்டும். தேர்வுபெறாதவருக்கும் குறித்த நாளுக்குள் கடிதம் போக வேண்டும், வெளியூரிலிருந்து வந்தவருக்கு இருவழிப் பேருந்துக் கட்டணம் தேர்வு நடந்த அன்றே கையில் கொடுக்கப்பட வேண்டும்.